நூற்று நாற்பத்தொரு துளைகள்

ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து நின்றால், செய்துகொண்டிருக்கிற வேலையை நான் நிறுத்திவிடுவேன். மற்றவர்கள் கருவிப்பையை மேஜைமேல் தொப்பென்று போட்டு, “எல்லாம் இருக்கு, பாத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்துவிடுவார்கள். அவர் பையை அவிழ்த்து, ஒரு சாக்கை விரித்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அதன்மேல் அடுக்குவார். உதடுகள் மட்டும் அசையும். அடுக்கி முடித்ததும் என்னைப் பார்ப்பார்.

“பதினாலு கொண்டுபோனேன். எண்ணும்.”

“இப்பந்தானே ஓய் நீரே எண்ணுனீரு?”

“நான் எண்ணுனது எனக்கு. நீரும் எண்ணுனாத்தான் கணக்கு.”

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் காத்தாடி ஏறுகிற டெக்னீஷியன். நான் மஸ்கட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தவன். அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். குள்ளம். தோள் இரண்டும் திரண்டிருக்கும். நெற்றியில் மூக்குத்தண்டிலிருந்து மேலேறும் வெள்ளை நாமம். ஓயாமல் காற்றடிக்கிற ஊரிலேயே பிறந்து வளர்ந்ததாலோ என்னவோ, காற்றில்லாத இடத்திலும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான் நடப்பார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரும், நான் மைனி என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் அங்கே போய் இரண்டு வருடமாகிறது.

ஒருமுறை ஆடி மாதம். காற்று கொட்டுகிற நேரத்தில் ஒரு மெஷினைக் கால்மணி நேரம் நிறுத்தினாலே சென்னையிலிருந்து போன் வந்துவிடும். அவர் ஒரு மெஷினைக் காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார். பதினாலில் ஒரு ஸ்பேனர் குறைகிறது. மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஒரு ஸ்பேனருக்காகவா நிறுத்தி வச்சிருக்கீங்க?”

“அது எங்க கெடக்குன்னு தெரிஞ்சா இப்பமே ஓட்டலாம் சார். தெரியல்லியே.”

அன்றைக்கு அவர் மூன்று தடவை உச்சிக்கு ஏறி இறங்கினார். சாயங்காலம் அந்த ஸ்பேனர் கூட வேலை பார்த்தவனின் சோற்றுப்பைக்குள் இருந்து கிடைத்தது. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதை வாங்கி அதன் இடத்தில் வைத்து, “பதினாலு” என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டார். கம்பெனி ஒரு மெமோ கொடுத்தது. அதையும் ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கம்பெனியிலிருந்து எல்லோருமாக ஒரு வேனில் கீரிப்பாறைப் பக்கம் குளிக்கப் போனோம். திரும்பும்போது ரப்பர் தோட்டத்து வளைவில் வந்து “நிறுத்துங்க” என்றார். போகும்போது இருபத்திரண்டு பேர், இப்போது இருபத்துமூன்று. யாரும் நம்பவில்லை. அவர் எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே பின்னால் போனார். கடைசி சீட்டில் பால்வெட்டுகிற தொழிலாளி ஒருவர், எஸ்டேட் பஸ் என்று நினைத்து ஏறி, முண்டாசால் முகத்தை மூடி நல்ல உறக்கத்தில் இருந்தார். வேனே அதிர்ந்தது சிரிப்பில். “கொறைஞ்சாத்தான் ஓய் தேடணும், கூடுனா என்ன?” என்று நான் கேட்டேன். “கூடுனாலும் தப்புதான். அவரு வீட்டுல ஒண்ணு கொறையும்லா” என்றார்.

இந்தக் கிறுக்கை வைத்து அவருக்குப் பட்டப்பெயர் எல்லாம் இருந்தது. ஒரு வைகாசிக்குப் பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை. அன்றைக்கு எண்ணெய் மாற்றுவதற்காக நாலு பேர் ஒரு காத்தாடியின் உச்சியிலிருந்த மெஷின் அறைக்கு ஏறியிருந்தார்கள். மின்பெட்டி ஒன்று கருகிப் புகை கிளம்பிவிட்டது. கோபுரத்துக்குள் ஒரே இருட்டு. இருமிக்கொண்டு ஏணி வழியாக இறங்கி வெளியே வந்து விழுந்தார்கள். நாங்கள் தண்ணீரோடு ஓடினோம். அவர் தண்ணீரை வாங்கிக் குடிக்கவில்லை. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மறுபடியும் கதவுக்குள் போய்விட்டார். அப்புறம்தான் நாங்கள் பார்த்தோம், வெளியே கிடந்தது இரண்டு பேர். எண்ணத் தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

இருபது நிமிடம் கழித்து, நாலாவது ஆளைத் தன் இடுப்பு பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த ஆள் இப்போது அஞ்சுகிராமத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். யார் போனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். அவரிடம் கேட்டால், “நாலு ஏறுனோம். மூணுதான் வந்துது. வேற என்ன?” என்பார்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள். அவளும் சிறுவயதில் எல்லாவற்றையும் எண்ணுவாள், அப்பாவைக் கேலி செய்வதற்காக. தட்டில் இட்லி வைத்தால், “நாலு கொண்டுவந்தேன், எண்ணும்” என்று அவர் குரலிலேயே சொல்லுவாள். அவர் நிஜமாகவே எண்ணுவார். நாகர்கோவிலில் எஞ்சினியரிங் படித்தாள். மேலே படிக்க ஸ்வீடனில் இடம் கிடைத்தது. பொட்டப்பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்புவதா என்று சொந்தத்தில் எல்லோரும் வந்து பேசினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவ போணும்ங்கா. போட்டும்” என்றார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். உள்ளே போகிற வாசலில் அவள் திரும்பி, “அப்பா, ஒண்ணு வெளிய போவுது, எழுதிக்கிடுங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

படிப்பு முடிந்து அங்கேயே ஒரு ஏரிக்கரை ஊரில் வேலை கிடைத்தது. காற்றாலை இறக்கைகளைப் பரிசோதிக்கிற சின்னக் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவாள். கோடையில் ஏரி நீலமாக இருக்கும். குளிர்காலத்தில் ஏரி இருந்த இடம் வெள்ளை மைதானமாக இருக்கும், அதன் நடுவில் நின்று கையாட்டுவாள். “ஏட்டி, தண்ணிமேலயா நிக்க?” என்று மைனி பதறுவாள். “ஐசும்மா. இதுமேல காரே போவும்” என்பாள். மைனி எங்களிடம் அதை நூறு முறை சொல்லியிருப்பாள்.

அந்தப் போன் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வீட்டு நம்பருக்கு அடித்துப் பேச்சு புரியாமல், மகள் கொடுத்து வைத்திருந்த இன்னொரு நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். இங்கிலீஷ் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். உறைந்த ஏரியின் மேல் நடந்து எதிரே இருக்கிற தீவுக்குப் போயிருக்கிறாள், குளிர்காலம் முழுக்கப் போய் வந்த வழிதான். ஆறு வந்து ஏரியில் சேருகிற பக்கத்தில் ஐஸ் மெலிந்திருந்திருக்கிறது. அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. அவள் இல்லை. மூழ்கித் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் அப்போது உச்சியில் இருந்தார். நான் போய்க் கோபுரத்தின் அடியில் நின்றேன். இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, “என்ன ஓய், இங்க வந்திருக்கீரு?” என்று கேட்டுக்கொண்டே சாக்கை விரித்தார். ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினார். எண்ணி முடிக்கட்டும் என்று நான் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று சில சமயம் தோன்றும். பதினாலு வரைக்கும் அவர் பழைய ஆளாக இருந்தார்.

மகளின் கம்பெனி கடிதம் அனுப்பி, சீக்கிரம் விசாவுக்கு ஏற்பாடு செய்தது. அவருக்கு மகள் முன்பே பாஸ்போர்ட் எடுக்க வைத்திருந்தாள். எனக்கும் பாஸ்போர்ட் இருந்தது, பாஷையும் கொஞ்சம் இருந்தது, அதனால் துணைக்கு நான். பதினோரு நாள் கழித்து நாங்கள் அந்த ஊரில் ரயிலைவிட்டு இறங்கினோம். ஒரே ஒரு பிளாட்பாரம். ஒரு தெரு. மரத்தாலான கூர்ங்கோபுரம் வைத்த ஒரு சர்ச். சிவப்புச் சாயம் பூசிய மரவீடுகள். தோவாளைப் பூச்சந்தைக்குக் காலையில் வருகிற ஆட்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஊர் நிறைந்துவிடும். தெருவின் முடிவில் ஏரி, கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. கரையில் நின்று அவர் வெகுநேரம் பார்த்தார்.

“காத்தே இல்லியே ஓய்” என்றார்.

அவளுடைய அறையில்தான் எங்களைத் தங்க வைத்தார்கள். முதல் காரியமாக அவர் அலமாரியைத் திறந்து அவளது சாமான்களை எடுத்து அடுக்கினார். ஊரிலிருந்து கொண்டுபோன பெட்டியில் என்னென்ன வைத்தது என்று அவருக்குத் தெரியும். பிறகு அங்கே வாங்கியவை எல்லாம் வீடியோவில் காட்டியிருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்து, “ஒரு சோடி பூட்சு இல்ல. நீலக் கோட்டு இல்ல. பாக்கி எல்லாம் இருக்கு” என்றார். அதை உடுத்துக்கொண்டுதான் அவள் போயிருந்தாள்.

மறுநாள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்து வரைபடத்தை விரித்து எல்லாம் சொன்னாள். நல்ல பெண். நான் மொழிபெயர்க்கும்வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். நாலு நாள் ஐசுக்கு அடியில் தேடினார்கள். ஆழம் அதிகம், ஆற்று நீரின் இழுப்பும் இருக்கிறது. இனிமேல் ஐஸ் உருகிய பிறகுதான். அது எப்போது என்று அவர் கேட்கச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் ஆகலாம் என்றாள். எங்கள் விசா மூன்று வாரத்துக்குத்தான்.

மகளைக் கடைசியாகப் பார்த்த ஆள் ஒருவர் இருந்தார். ஐசில் துளை போட்டுத் தூண்டில் போடுகிற கிழவர், எழுபது வயது தாண்டியிருக்கும். நாங்கள் வந்த செய்தி கேட்டு அவரே கரைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்த இங்கிலீஷில் சொன்னார்: நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஊற்றக் குனிந்தேன். நிமிர்ந்தேன். அவள் இல்லை.

“குனிஞ்சு எவ்வளவு நேரம்னு கேளும்” என்றார் இவர்.

“ஒரு காபி ஊத்துத நேரமாம்.”

இவர் கிழவரின் பிளாஸ்கைக் காட்டி, ஊற்று என்று சைகை செய்தார். கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகித் திறந்து, ஊற்றி, பிளாஸ்கை மூடிவிட்டு நிமிர்ந்தார். இவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“பதினேழு” என்றார். அவ்வளவுதான். அந்தக் காபியை வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் கூட்டாளி. பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கிழவரிடம் ஐசைக் குடைகிற நீளமான துரப்பணம் இருந்தது. மீன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குக் கம்பியில் கட்டி இறக்குகிற சின்னக் கேமராவும் இருந்தது. போலீஸ் கொடி நட்டிருந்த எல்லைக்கு இந்தப் பக்கம், ஐஸ் கனமாக இருக்கிற இடத்தில், அவர்கள் கயிறு பிடித்துக் கட்டம் போட்டார்கள். பத்தடிக்கு ஒரு துளை. கிழவர் குடைவார், இவர் கேமராவை இறக்குவார், நான் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பச்சை கலந்த இருட்டு. அடியில் சேறு, அழுகிய மரக்கிளை. எப்போதாவது ஒரு மீன் வந்து எங்களை உற்றுப் பார்த்துவிட்டுப் போகும். முதல் நாள் ஒவ்வொரு கிளைக்கும் நான் திரையைக் கண்ணருகே கொண்டுபோனேன். அவர் நோட்டில் துளையின் எண்ணை எழுதி, ஆழம் எழுதி, எதிரே ‘இல்லை’ என்று எழுதுவார். அடுத்த துளை.

விரலெல்லாம் வெடித்து ரத்தம் கட்டிவிட்டது. அவர் கையுறை போடமாட்டார், பென்சில் பிடிக்க முடியாது என்பார். ஊர்க்காரர்கள் கரையில் வந்து நின்று பார்ப்பார்கள். ஒரு பெண்மணி தினமும் சூடாக சூப்பைப் பாத்திரத்தில் கொண்டுவந்து படகுத்துறைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

நாலாம் நாள் அந்த அதிகாரி ஐசின்மேல் நடந்து எங்களிடம் வந்தாள். என்னைத் தனியே அழைத்து, இதில் பயனில்லை என்று சொன்னாள். நீரோட்டம் எத்தனையோ கிலோமீட்டர் கொண்டுபோயிருக்கலாம், இந்த ஏரியில் முன்பும் சிலர் போயிருக்கிறார்கள், எல்லோரும் கிடைத்துவிடவில்லை. நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நான் திரும்பி வந்து பாதியைச் சொன்னேன்.

“முடியாதுங்காளா?”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டினார். “செரி. நாளைக்கு அந்தச் சர்ச்சுக்கு நேரே தொடங்குவோம்.”

“நான் சொன்னது வெளங்கிச்சா ஓய்?”

“எல்லாம் வெளங்கிச்சு. எனக்கென்ன, கெடைக்கும்னு நெனச்சா தோண்டுதேன்? இந்த எடத்துல இல்லன்னு ஒரு எடத்தையாவது உறுதிப்படுத்தணும்லா. வீட்டுல அவளுக்கு நான் போயி என்னத்தச் சொல்ல?”

பதினாலு நாளில் நூற்று நாற்பத்தொரு துளை. அப்புறம் மூன்று நாள் தொடர்ந்து வெயிலடித்தது. ஐஸ் சாம்பல் நிறமாகி, மேலே தண்ணீர் கட்டத் தொடங்கியது. தூரத்தில் எங்கோ விரிசல் விடுகிற ஓசை, மலைக்கு அப்பால் வெடி போட்டது போல வரும். கரை முழுக்கக் கயிறு கட்டி யாரும் இறங்கக் கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் கடைசி நாள் காலையில் அவர் படகுத்துறையில் நின்றார். பக்கத்தில் கிழவர். நோட்டிலிருந்து வரைபடம் போட்ட தாளைக் கிழித்துக் கிழவரிடம் கொடுத்தார்.

“கறுப்பு போட்டது பாத்த எடம். வெள்ள, பாக்கி. சொல்லும்.”

சொன்னேன். கிழவர் அந்தத் தாளை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இவர் அழவில்லை. கிழவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து ஐஸ் உருகிவிட்டதாகத் தகவல் வந்தது. புதிய கருவிகளோடு ஒரு வாரம் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தது. ஆனால் கிழவர் நிறுத்தவில்லை. படகில் போய்க் கேமராவை இறக்கி, வாராவாரம் எனக்கு மெயில் அனுப்புவார். வேறு ஒரு சொல் இருக்காது. 142, இல்லை. 143, இல்லை. நான் அதைக் கொண்டுபோய்ப் படித்துக்காட்ட, இவர் நோட்டில் ஏற்றிக்கொள்வார். இருநூற்று அறுபதோ என்னவோ வரை வந்தது. புரட்டாசியில் நின்றுபோயிற்று. விசாரித்து எழுதினேன். நினைவு தப்பிவிட்டது, முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம் என்று அவருடைய மகன் பதில் போட்டிருந்தான்.

அதைச் சொன்னபோது அவர் நோட்டை மூடி அலமாரிமேல் வைத்தார். அதற்குப் பிறகு நான் அந்த நோட்டைப் பார்க்கவில்லை.

மைனியின் கதை வேறு மாதிரி போனது. எங்கள் ஊரில் வாய்க்குப் பஞ்சமில்லை. அந்தப் பெண் யாரோ வெள்ளைக்காரனோடு போய்விட்டாள், ஏரி கீரி எல்லாம் வீட்டுக்குச் சொன்ன கதை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அப்படிப் பேசுகிற வாயைக் கிழித்திருப்பாள். மைனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “போயிருப்பா தம்பி. அப்பாவுக்குப் பயந்துட்டு சொல்லாம போயிருப்பா. புள்ளைய பெத்துத் தூக்கிக்கிட்டு ஒரு நாள் வந்து நிப்பா பாருங்க” என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிச்சம் வரும்.

எங்களில் இறந்தவர்களை எரிப்பதில்லை, அடக்கம்தான். எங்கள் வழிபாட்டு இடமான தாங்கலில் இருந்து பெரியவர்கள் வந்து, ஒரு படத்தை வைத்தாவது செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்றார்கள். மைனி அவர்கள்முன் செம்பை விட்டெறிந்தாள். பெரியவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

“ஆளில்லாம எத அடக்கச் சொல்லுதிய?” என்றார் அவர்.

“அப்பம் உயிரோட இருக்கான்னு சொல்லுதீரா?”

“நான் அப்படிச் சொல்லல்ல. கெடைக்கல்ல.”

யார் கேட்டாலும் இந்த ஒரு சொல்தான். செத்தாள் என்றும் சொல்லவில்லை, இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை. தன் கண்ணால் சரிபார்க்காத ஒன்றைச் சொல்ல அவருக்கு வாய் வராது. மைனிக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. “அவிய வாயாலயே சொல்லட்டுமே, கெடைக்கல்லன்னுதானே சொல்லுதாவ” என்று அவரைக் காட்டி என்னிடம் வெற்றி பெற்றவள் போலச் சொல்லுவாள். அவர் ஏரியைப் பார்த்தவர், ஓட்டையைப் பார்த்தவர். ஒரே ஒரு பொய்யையோ ஒரே ஒரு உண்மையையோ சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று முடிந்திருக்கும். அவரால் அது முடியவில்லை.

மார்கழியில் ஒரு நாள் ஸ்டோருக்கு வந்தார். பையை மேஜைமேல் வைத்தார். சாக்கை விரிக்கவில்லை.

“எண்ணல்லியா ஓய்?”

“இருக்கும்” என்றார்.

அவர் போனபிறகு நான் எண்ணினேன். பதினொன்று இருந்தது. மூன்று எங்கே என்று ஓடிப்போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அவர் வேலை பார்த்த மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேறு இரண்டு பேரை அனுப்பித் தேடச் சொன்னேன். மேலே உச்சியில், சுழல்கிற பற்சக்கரத்துக்குப் பக்கத்தில், மூன்றும் கிடந்தன. அந்த வாரமே அவர் வேலையை விட்டுவிட்டார். நான் சொல்லித்தான் என்று அவருக்குத் தெரியும். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். நான் கடைசியாகப் போன ஞாயிறு, பகல் பதினொரு மணி இருக்கும், வாசலில் விருதுநகர்ப் பக்கத்துக் கார் ஒன்று நின்றது. உள்ளே முன்பின் பார்த்திராத நாலு பேர். பெரியவர் ஒருவர், அவருடைய மனைவி, மகள், மருமகன். மைனி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தட்டில் மிக்சரும் பழமும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“பிள்ளையப் பாத்து வந்திருக்காவ தம்பி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மகள் ஸ்வீடனுக்குப் போவதற்கு முன்பே, அவளுடைய விவரத்தை மைனியின் தம்பி வரன் பார்க்கிற இணையதளம் ஒன்றில் போட்டிருக்கிறான். அதை யாரும் அங்கிருந்து நீக்கவில்லை. போன் வரும்போதெல்லாம் மைனி எடுத்துப் பேசியிருக்கிறாள். இவர்கள் கன்னியாகுமரிக்கு வந்தவர்கள், அப்படியே பெண் வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அந்தப் பெரியவரின் மகன், ஜெர்மனியில் வேலை. பக்கம்தானே.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணு எப்ப லீவுல வருதுங்க?” என்று பெரியவர் கேட்டார்.

மைனி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சலை நான் பார்த்ததில்லை. அவர் நிமிர்ந்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“சித்திரையில வருவா” என்றார்.

பதினெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய். மைனி சட்டென்று என் பக்கம் திரும்பி, “இந்தத் தம்பியும் அந்த ஊருக்குப் போயிட்டு வந்தவருதான். சொல்லுங்க தம்பி” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா ஆவலாக என்னைப் பார்த்தாள்.

“ஊரு எப்படிங்க? பொம்பளப் பிள்ள தனியா இருக்கலாமா?”

“நல்ல ஊருங்க” என்றேன். “சின்ன ஊரு. ஏரி உண்டு. ஆளுக ரொம்ப நல்லவங்க. நாங்க இருந்தப்ப ஒரு அம்மா தெனமும் சூப்பு கொண்டுவந்து தருவாங்க.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர்கள் எழுந்தபோது அவரும் கூடவே எழுந்து கார்வரை போனார். நான் வாசலில் நின்றேன். பேசுவது கேட்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து ஏதோ சொன்னார், நாலைந்து வார்த்தைதான் இருக்கும். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் பாதி ஏறியவர் மறுபடியும் இறங்கி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். கார் போனபிறகும் அவர் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றார். பிறகு முன்னால் சாய்ந்த நடையில் திரும்பி வந்தார்.

மைனி எனக்குப் பின்னாலிருந்து கேட்டாள், “என்ன சொன்னாவ?”

“புடிச்சிருக்காம். ஊருல போயி பேசிட்டு போன் பண்ணுதோம்னு சொன்னாவ” என்றார் அவர்.

“நான் சொன்னேன்லா” என்றாள் மைனி. போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தத் தொடங்கினாள். மகளுடைய நம்பருக்குத்தான். தினமும் அனுப்புவாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“ஏங்க, ஜெர்மனின்னு எப்படி எழுத?”

அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுத்தார். அவள் அழுத்தி முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ள போட்டோவையும் சேத்து அனுப்பு ஏட்டி” என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லாமலே இறங்கி நடந்தேன்.